விளம்புகிறவளுக்கு முதல் கஞ்சி

போன சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். வரிசையில் நிற்கிற ஏழைகளுக்குக் கஞ்சி விளம்புவதற்கு முன்னால் வழக்கம்போல உங்களையெல்லாம் பாயில் உட்கார வைத்து ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றினார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பந்திக்கு முந்துன்னு சும்மாவா சொன்னாவ? நம்ம சங்கம் அதுல ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றாள். எனக்குக் கண்தான் மங்கல், காது நன்றாகக் கேட்கும். எல்லாம் முடிந்து ஆளுக்கொரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி வீட்டுக்கு அனுப்பினபோது இன்னொருத்தி, "அய்யே, பஸ்சுல இதையா தூக்கிட்டுப் போறது!" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டினாளாம். அதையும் எனக்குச் சொன்னார்கள்.

முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தபோது கோபம் போய்விட்டது. ஏன் குடிக்க வைக்கிறோம், ஏன் கொண்டுபோகச் சொல்கிறோம் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? சொல்ல வேண்டியவள் நான். சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் வழக்கத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்கள் புது செக்ரட்டரி, "அம்மா, நம்ம மாதர் சங்கத்தின் சாதனைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்க" என்று கேட்டாள். சாதனையை ஆண்டு விழாவில் வேறு யாராவது பேசட்டும் மக்களே. நான் ஒரு தூக்குவாளியைப் பற்றிப் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சட்டைக் கதை. ஜப்பான் சண்டைக்கு முந்தி நம் சங்கத்தின் பெரிய வேலை தையல். வாரம் ஒரு நாள் சர்ச் ஹாலில் கூடி, ஜெபம் பண்ணி, பாட்டுப் பாடி, கடல் தாண்டின ஊர்களில் இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் துணி தைத்து அனுப்புவோம். ஒரு தடவை ரங்கூன் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிப் பிள்ளைகளுக்கு நல்ல கனமான பிளானல் துணியில் கழுத்துவரை பொத்தான் வைத்துச் சட்டை தைத்துப் பெட்டி பெட்டியாக அனுப்பினோம். துரைசானி ஒருத்தி கொடுத்த மாதிரி அது. அடுத்த வருஷம் அங்கிருந்து லீவில் வந்த நர்ஸ் ஒருத்தியைப் பிடித்து, "சட்டையெல்லாம் எப்படி?" என்று ஆசையாகக் கேட்டேன். அவள், "ரொம்ப உபகாரம் மாமி, தரை துடைக்க அதுபோல ஒரு துணி கிடைக்காது" என்றாள். ரங்கூனில் நம்மூரைவிட வெக்கை! அந்தச் சட்டையை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கள் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஹாலில் எல்லோரும் சிரித்தோம், நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அதை விட்டுவிட்டேன். புத்தி வர வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டுப் போனவள் நான்.

பிறகு சண்டை வந்தது. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் நம் ஊருக்கு அரிசி வருவது நின்றுபோயிற்று. சாலைக் கடைத்தெருவில் காசு இருக்கிறவனும் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். மரச்சீனிக் கிழங்குதான் காலையிலும் இரவிலும், அதுவும் கிடைத்தால். கடற்கரையிலிருந்தும் குன்றுப் பக்கத்திலிருந்தும் ஜனங்கள் டவுனுக்குள் வந்து வீட்டு வாசல்களில் நிற்கத் தொடங்கினார்கள். நின்றார்கள் என்றால் கேட்கக்கூட மாட்டார்கள், நிற்பார்கள், அவ்வளவுதான். தையலை மூட்டை கட்டிவிட்டு சர்ச் காம்பவுண்டில் ஓலைக் கூரையில் ஒரு சாய்ப்பு போட்டுக் கஞ்சி காய்ச்சத் தொடங்கினோம்.

அரிசி எங்கிருந்து? பிடியரிசி. உங்கள் வீடுகளிலும் உண்டே, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துக் கர்த்தருக்கென்று தனியாகச் செப்பில் போட்டுவைப்பது. பஞ்ச காலத்திலும் சங்கத்துப் பெண்கள் அந்தப் பிடியை நிறுத்தவில்லை. அதோடு தெரிந்தவர், அறிந்தவர், வலியசாலையில் இரண்டொரு பிராமண வீடுகள் என்று கொடுத்ததையும் சேர்த்து, வாயகன்ற பெரிய வார்ப்பில் தண்ணீரை நிறைய விட்டுக் காய்ச்சுவோம்.

அப்போது சங்கத் தலைவியாக இருந்தவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன். பெண் பள்ளிக்கூடத்தில் பெரிய டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்கள் நடந்து வந்தால் பிள்ளைகள் தன்னால் வரிசையில் நிற்கும். எனக்கு வேலை பழக்கினவர்கள் அவர்கள்தான். அவர்கள் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள்: கொடுக்கிற கை அதிலிருந்து எடுக்கக் கூடாது. தையல் காலத்தில் சங்கத்துப் பெண்கள் துணியை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்று யாரோ ஒரு புறணி கிளப்பினதிலிருந்து வந்த சட்டம் அது. கஞ்சிச் சாய்ப்பில் அது இன்னும் கண்டிப்பாயிற்று. வார்ப்பிலிருந்து ஒரு பருக்கை எங்கள் வாயில் படக் கூடாது. எல்லோருக்கும் ஊற்றி மிஞ்சினால் தோட்டக்காரரின் பசுவுக்கு, எங்கள் வீட்டுக்கு அல்ல. வெளியூர் சபைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு சுத்தமான ஊழியம்!" என்று மெச்சிக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. அப்போது செக்ரட்டரி நான் அல்லவா!

இனி ஞானப்பூ அக்கா.

கண்ணம்மூலையில் வாடகை வீடு. புருஷன் ரங்கூனில் மரக் கம்பெனியில் கணக்கர். மாதம் தவறாமல் பணம் வரும், வருஷம் ஒரு தடவை ஆளும் வருவார், பிள்ளைகளுக்குப் பட்டுக் குடை கொண்டுவருவார். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் லில்லி, நல்லாப் படிப்பாள், பாட்டும் பாடுவாள். அக்கா எங்கள் சங்கத்தில் தையலுக்குப் பேர்போனவள். பொத்தான் துளைக்குள் நூல் எங்கே போயிற்று என்று தேடினாலும் தெரியாது. அப்படித் தைப்பாள். ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு புருஷனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நாங்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் அவருக்காக ஜெபம் பண்ணினோம். நெஞ்சு உருக, அழுது, ஜெபம் பண்ணினோம். பணம் நின்றுபோயிருக்குமே, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. அவளும் பிடியரிசியைக் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. பிறகு தெரிந்தது, ஏதோ வீட்டில் நெல் குத்திக் கொடுத்து கூலியாகக் கிடைத்த அரிசியிலிருந்து எடுத்த பிடி அது.

கஞ்சி தொடங்கிச் சில வாரம் ஆகியிருக்கும். ஒரு காலையில் சாய்ப்புக்கு முன்னால் நல்ல கூட்டம். உந்துகிறார்கள், பிள்ளைகள் கத்துகிறார்கள், எங்களில் இரண்டு பேர் காய்ச்சல் என்று வரவில்லை. நான் ஒருத்தி அகப்பையோடு திண்டாடுகிறேன். அப்போது வாசலில் ஞானப்பூ அக்கா நிற்கிறாள். வெளுத்த சேலை, தலையை ஒதுக்கிச் சீவியிருக்கிறாள், கையில் ஒரு பித்தளைத் தூக்குவாளி. வரிசையிலும் இல்லாமல் உள்ளேயும் வராமல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள்.

"அக்கா, நல்ல நேரத்துல வந்தியளே! கர்த்தர்தான் அனுப்புனாரு. இந்தாங்க, பிடிங்க" என்று அகப்பையை அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு தூக்குவாளியைத் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு விளம்பத் தொடங்கினாள். கடைசி ஆள் போகும்வரை நின்றாள். போகும்போது வாளியை எடுத்துக்கொண்டு போனாள். அது வெறும் வாளி.

தூக்குவாளியை நான் பார்க்கவில்லையா? பார்த்தேன் மக்களே. கையில் வாளியோடு ஒருத்தி வருகிறாள் என்றால் அதற்கு அர்த்தம் தெரியாத மூளையா எனக்கு? வரிசையில் நின்ற அத்தனை பேர் கையிலும் சட்டியும் தேங்காய்ச் சிரட்டையும் இருந்தன, அதன் அர்த்தம் தெரிந்துதானே ஊற்றினேன். ஆனால் ஞானப்பூ அக்கா நம்மவள், ரங்கூன்காரர் மனைவி, பட்டுக் குடை வீட்டுக்காரி. கண் வாளியைப் பார்த்தது, புத்தி ஆளைப் பார்த்தது.

மறுநாளும் வந்தாள், வாளியோடு. மூன்றாம் நாளும். ஒவ்வொரு நாளும் வாளி ஆணியில் தொங்கும், அவள் விளம்புவாள், வாளி வந்ததுபோலவே திரும்பும். நான் கூட்டத்தில் எழுந்து, "ஞானப்பூ அக்காவைப் பாருங்க, தனக்கு இவ்வளவு துக்கம் இருந்தும் ஒரு நாள் தவறாமல் வந்து சேவை செய்யுதாவ" என்று புகழ்ந்து வேறு பேசினேன். ஐயோ, அந்த வாயில் ஒரு பிடி மண்ணைப் போட்டிருக்கலாம்.

வரிசையில் விழிஞ்ஞம் கடற்கரையிலிருந்து வந்த ஒரு கிழவி உண்டு. சிரட்டையில் கஞ்சியை வாங்கிக்கொண்டு ஓரமாகக் குந்தி இருந்து, உடுத்த முண்டின் கோந்தலை முனையில் முடிச்சு போட்டு வைத்திருக்கிற உப்புக்கல்லை எடுத்துப் போட்டுக் கலக்கிக் குடிப்பாள். எங்களுக்கு அது வேடிக்கை. "கடல்காரிக்கு எவ்வளவு உப்பு இருந்தாலும் போதாது பாருங்க" என்று சிரிப்போம். அவளும் பல்லில்லாத வாயால் சிரிப்பாள்.

ஒரு நாள் பலத்த மழை. ஆள் குறைவு, வார்ப்பின் அடியில் கொஞ்சம் கஞ்சி மிஞ்சிவிட்டது. அக்கா அகப்பையால் அதைச் சுரண்டி ஒதுக்கிக்கொண்டு நின்றாள். நான் குடையைத் தேடிக்கொண்டே, "அக்கா, அதைப் பசுவுக்கு ஊத்திருங்க" என்றேன். அவள் அசையவில்லை. "என்னக்கா, களைப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல பிள்ளே" என்றாள். அதை ஒரு பானையில் வழித்துக்கொண்டு மழையில் நனைந்தபடி போய்த் தொட்டியில் ஊற்றினாள். பசு குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.

அதற்கப்புறம் ஒரு நாள் கண் தெரியாத பெரியவர் ஒருவர் உடைந்த சிரட்டையோடு வந்தார். கஞ்சி ஒழுகிவிடும். நான் சுற்றிப் பார்த்தேன். ஆணியில் அக்காவின் வாளி தொங்கியது. எட்டி எடுத்து, "அக்கா, இது உங்களுக்குத் தேவையில்லல்லா? இவருக்குக் குடுத்துரட்டா?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் அவர் கையில் கொடுத்தும்விட்டேன். அக்கா, "குடுத்திரு பிள்ளே" என்றாள். அவளே அந்த வாளியில் கஞ்சியை நிறைய ஊற்றி, மூடியைப் போட்டு, பெரியவர் கையைப் பிடித்துப் பிடியில் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கு எரிச்சல். கூட்டத்தில் புகழ்ந்ததும் தலைக்கனம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன், கூட்டிக் குறைக்காமல் சொல்கிறேன். வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று குடையை எடுத்துக்கொண்டு கண்ணம்மூலைக்கு நடந்தேன்.

கதவைத் திறந்தது சின்னவள். ஆறு வயசு இருக்கும். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள், பிறகு இடது கையை. குடையைத் தவிர ஒன்றும் இல்லை.

"மாமி, கஞ்சி கொண்டாரல்லியா?" என்றாள். "சங்கத்துல இண்ணைக்குத் தருவாவன்னு அம்மை தெனமும் சொல்லிட்டுப் போவா. இண்ணைக்கும் இல்லியா?"

தினமும். தினமும் அந்தப் பிள்ளை வாசலில் காத்திருந்திருக்கிறது, தினமும் அவள் வெறும் வாளியோடு வந்து, நாளைக்குத் தருவார்கள் என்று சொல்லியிருக்கிறாள். என்ன காரணம் சொல்லியிருப்பாள்? எங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டாள்.

இப்படி ஒரு நிமிஷத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் நம் வேலை, கேட்டுக்கொள்ளுங்கள். இரக்கம் எல்லோருக்கும் வரும். வந்த இரக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடக் கூடாது. நான் ஓடினேன். நேராகச் சாய்ப்புக்கு வந்து, அடுத்த உலைக்கு வைத்திருந்த அரிசியை அள்ளிப் போட்டு, ஒரு பானைக் கஞ்சி காய்ச்சி, இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் நடந்தேன். எதிர்ப்பட்டவர்களெல்லாம், "என்ன, இது எங்க?" என்று கேட்டார்கள். நானும் மூச்சு வாங்க, "ஞானப்பூ அக்கா வீட்டுக்கு. பாவம், பிள்ளைய ரெண்டும் பட்டினி" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சொல்லும்போது என் கண்ணில் தண்ணீர் வேறு. அந்தக் கண்ணீரைப் பார்த்து அவர்களும் அழுதார்கள். நல்ல காட்சி!

அன்று கஞ்சியை அந்தப் பிள்ளைகள் குடித்தன. லில்லி குடிக்கும்போது தலையைத் தூக்கவே இல்லை. மறுநாள் காலை சபையே அங்கே போயிருக்கிறது. ஒருத்தி கையில் அரிசி, ஒருத்தி கையில் பழைய பாவாடை, ஒருத்தி வாசலில் முழங்கால் போட்டுச் சத்தமாக ஜெபம். பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள். அக்கா கதவை உள்ளே தாழ் போட்டாள். யார் தட்டியும் திறக்கவில்லை. நான் போய்த் தட்டினபோது உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"சவம், இனியும் என்ன வேணும் பிள்ளே? ஊரெல்லாம் சொல்லியாச்சு. பசியை நான் மறைச்சு வச்சிருந்தேன், அது ஒண்ணுதான் என் கையில இருந்துது. லில்லியை நந்தன்கோட்டுல ஒரு வீட்டுல பிள்ளை தூக்க நிறுத்தப் போறேன். அங்க சோறு உண்டு. அவளுக்கு இனி அந்தப் பள்ளிக்கூடத்துல இந்த முகத்தை வச்சிட்டு இருக்க முடியாது."

வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன். அவள் திறக்கவில்லை. திறக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை.

அங்கிருந்து நேராகத் தலைவியம்மா வீட்டுக்குப் போனேன். வாளி, பசு, கண் தெரியாத பெரியவர், நான் தெருவில் உளறினது எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகத் திட்டு கிடைக்கும், வாங்கிக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். அவர்கள் திட்டவில்லை. "முதல் நாள் அவ கையில வாளி இருந்ததை நீ பார்த்தியா?" என்று கேட்டார்கள்.

"பார்த்தேன்."

"நானும் பார்த்தேன்" என்றார்கள். "ஹால் ஜன்னல்லயிருந்து பார்த்தேன். நீ அகப்பையைக் குடுத்ததும் அப்பாடான்னு இருந்துது எனக்கு. நம்ம ஒருத்தி அந்த வரிசையில நிக்கிறதை நான் பார்க்க வேண்டி வரல்லியேன்னு."

அந்த அம்மாவின் முகம் அன்றைக்கு இருந்ததுபோல் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. எழுந்து செருப்பைப் போட்டார்கள். "வா" என்றார்கள்.

தலைவியம்மாவுக்கு முட்டுவலி. கண்ணம்மூலை ஏற்றத்தில் நின்று நின்று ஏறினார்கள். கதவுக்கு முன்னால் நின்று, "ஞானப்பூ, நான்தான். ஜன்னலைத் திறந்து என் கையைப் பாரு. நான் ஒண்ணும் கொண்டுவரல்ல" என்றார்கள். உண்மையாகவே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்சம் கழித்து ஜன்னல் திறந்தது.

"நாளைக்குக் கஞ்சி விளம்ப ஆள் வேணும். ஆனா இனி ஒரு சட்டம். சங்கத்துக்காரிய எல்லாரும் முதல்ல வரிசைக்காரங்களோட இருந்து குடிக்கணும். போகும்போது எல்லாரும் வீட்டுக்கு ஒரு வாளி கொண்டுபோகணும். நான் உட்பட."

"எனக்காகச் சட்டத்தை மாத்த வேண்டாம் டீச்சர்."

"உனக்காக இல்ல. எனக்காக."

கதவு திறந்தது. தலைவியம்மா உள்ளே பார்த்துவிட்டு, "லில்லி எங்கே?" என்று கேட்டார்கள். நான் படியிலிருந்து எழுந்து போன இடைவெளியில் அக்கா அவளை நந்தன்கோட்டில் கொண்டுவிட்டிருந்தாள்.

லில்லியைத் திருப்பிக் கொண்டுவர நான்தான் நடையாய் நடந்தேன். அந்த வீட்டு அம்மா, வேறு ஆள் கிடைக்கட்டும், கிடைக்கட்டும் என்று மாதக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில் வந்தாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும், அதைவிட, அன்றைக்கு வாசலில் வந்து முழங்கால் போட்டவர்களின் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். கெஞ்சினேன், அசையவில்லை. அந்தப் படிப்பு அதோடு நின்றது. பட்டினி அவளை நிறுத்தவில்லை. என் நாக்கு நிறுத்தியது. சங்கத்தின் சாதனைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நாள் கழித்து, அக்காவுக்கு என்னிடம் பேச மனசு வந்த பிறகு, "ஏன்க்கா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லல்ல?" என்று கேட்டேன். "நீ அகப்பையை நீட்டினப்ப எனக்கு ஒரு சந்தோஷம் பிள்ளே" என்றாள். "இன்னும் என்னை ஆளா மதிக்குதாவளேன்னு. அந்தச் சந்தோஷத்துக்கு மேல பசியைச் சொல்ல வாய் வரல்ல." ரங்கூன்காரர் கடைசிவரை வரவில்லை. என்ன ஆனார் என்றும் தெரியாது.

புதுச் சட்டத்தின் முதல் நாளைச் சொல்லி முடிக்கிறேன். சாய்ப்பில் பாய் விரித்தாயிற்று. சங்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு உட்கார மனசில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைவியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, கையிலிருந்த தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எனக்கு இடம் கிடைத்தது விழிஞ்ஞத்துக் கிழவிக்குப் பக்கத்தில். ஞானப்பூ அக்கா எங்கள் எல்லோருக்கும் ஊற்றினாள். பிறகு தலைவியம்மா எழுந்து அகப்பையை வாங்கி அவளை உட்கார வைத்து, அவளுக்கு ஊற்றிவிட்டுத் தன் இடத்துக்கு வந்தார்கள்.

நான் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்தேன்.

உப்பு இல்லை.

கொஞ்சம்கூட இல்லை. வெறும் வெந்நீரும் வெந்த அரிசியும், புகை நாற்றமும். அந்தப்பக்கம் பார்த்தேன். தலைவியம்மா வாயில் வாங்கினதை விழுங்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் போட்டிருப்பாள் என்று இவளும், இவள் போட்டிருப்பாள் என்று அவளும், அத்தனை வாரமும் ஒருத்தியும் உப்பு போடவில்லை. ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்திருந்தால் தெரியும். ஆனால் நாங்கள் சுத்தமான ஊழியக்காரிகள் அல்லவா, ஏழைகளின் கஞ்சி எங்கள் நாக்கில் படக் கூடாது! குடித்தவர்கள் யாரும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. தருமத்துக்கு வாங்குகிறவன் உப்பு போதாது என்று சொல்வானா?

கிழவி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. முண்டின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இரண்டே இரண்டு கல். ஒன்றை எடுத்து என் கிண்ணத்தில் போட்டு, தன் விரலாலேயே கலக்கிவிட்டாள்.

"இந்நா கொச்சம்மே, இச்சிரி உப்பு. இது இல்லாட்டி இறங்காது கேட்டோ" என்றாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஊருக்கே நாங்கள் உப்பிடுகிறோம் என்ற நினைப்பில்தான் அத்தனை நாளும் தலை நிமிர்ந்து நடந்தேன். எனக்கு உப்பிட்டது அந்தக் கிழவி. அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. அந்தக் கஞ்சியைக் குனிந்தபடியே குடித்து முடித்தேன்.

ஆகையால் மக்களே, வருகிற சனிக்கிழமை பாயில் உட்காருங்கள். குடித்துப் பாருங்கள். உப்பு குறைந்தால் சத்தமாகச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். போகும்போது வாளியை வாங்கிக்கொண்டு போங்கள். பஸ்சில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டின பிள்ளை யார் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் உங்கள் நடுவில் இருக்கிற ஒருத்திக்கு அந்த வாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அன்றைக்கு ராத்திரி ஆகாரம். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரிய வேண்டாம். அவள் கையில் இருப்பது உங்கள் எல்லோர் கையிலும் இருந்தால் போதும்.